கூடைப்பந்து வீரர் ஒஸ்கார் ரொபேட்சன்

கூடைப்பந்தாட்டம் என்னும் பெயரிலேயே அவ்வாட்டத்தின் பிறப்புக் கதை அடங்கியிருக்கின்றது. 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே சென்று ஓடியாட இயலாத மாணவர்களுக்கென ஒரு புதிய விளையாட்டை வகுத்தார். உடற்பயிற்சி மண்டபத்தின் இரு பக்கங்களிலும், நிலத்திலிருந்து பத்தடி உயரத்தில், பீச் பழம் நிரப்பும் கூடைகள் இரண்டை அறைந்து மாட்டச் செய்தார். அவற்றினுள்ளே பந்தை எறிந்து வீழ்த்துவதே ஆட்டம். நமது பெண் பாடசாலைகள் நன்கறிந்த வலைப்பந்தாட்டமும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான்.

நெய்ஸ்மித் கூடை மாட்டி அரை நூற்றாண்டு கழிந்தபின், இந்தியானா மாநிலத்துத் தலைநகராகிய இந்தியானாபோலிஸில், ஓர் ஏழை வீட்டின் பின்புறத்தில், மீண்டும் ஒரு பீச் பழக்கூடை மாட்டப்பட்டிருந்தது. அதனுள்ளே ஒரு கறுப்பினச் சிறுவன் பழைய ரெனிஸ் பந்துகளையும், கந்தல் துணிகளைச் சுருட்டி இரப்பர் வளையங்களால் இறுக்கிய உருண்டைகளையும் எறிந்து பழகிக்கொண்டிருந்தான். உண்மையான பந்து வாங்க வீட்டில் வசதியில்லை. நெய்ஸ்மித்துக்குக் கூடை கிடைத்தது தற்செயலால். இச்சிறுவனுக்குக் கிடைத்தது வறுமையால். அவனுடைய பெயர் ஒஸ்கார் ரொபேட்சன்.

ஒஸ்கார் 1938ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆம் திகதி ரெனசி மாநிலத்திலே, சார்லற் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணைப் புறத்தில் பிறந்தவன். மூன்று ஆண் பிள்ளைகளில் இளையவன். தெற்கிலே வாழ்வுக்கு வழியற்றுப்போன பல்லாயிரம் கறுப்பினக் குடும்பங்கள் அக்காலத்தில் வடக்கு நோக்கிப் பெயர்ந்தன. அவற்றுள் ஒன்றாகவே இக்குடும்பமும் பிள்ளை சிறுவனாயிருக்கும்போதே இந்தியானாபோலிஸை வந்தடைந்தது. கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிக் கட்டப்பட்ட லொக்பீல்ட் கார்டன்ஸ் என்னும் குடியிருப்பின் அயலிலே ஒஸ்கார் வளர்ந்தான். அங்கே ஒரு மண் தரை இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் எழும்பும் புழுதியைக் கண்டு அதற்குப் 'புழுதிக் கிண்ணம்' என்று பெயரிட்டிருந்தார்கள். பெரியவர்களும் சிறியவர்களும் அதிலே ஆடினார்கள். தோற்ற குழு வெளியேற, வென்ற குழு நின்றாடும். இடம் வேண்டுமாயின் வெல்ல வேண்டும். ஒஸ்காரின் முதற் பயிற்சிக்கூடம் அதுவே.

இந்தியானா மாநிலத்தவர்க்குக் கூடைப்பந்து ஒரு விளையாட்டு மாத்திரமன்று. ஏறக்குறைய ஒரு திருவிழா எனலாம். 1911ஆம் ஆண்டிலிருந்து அங்கே உயர்நிலைப் பாடசாலைகளுக்கிடையே மாநிலச் சுற்றுப்போட்டி நடைபெற்று வந்தது. பெரிய பாடசாலை, சிறிய பாடசாலை என்ற பிரிவு அக்காலத்தில் இல்லை. மூவாயிரம் மாணவர் பயிலும் நகரப் பாடசாலையும், நூற்றைம்பது மாணவர் பயிலும் கிராமப் பாடசாலையும் ஒரே கிண்ணத்துக்காகப் பொருதின. மார்ச் மாதம் வந்துவிட்டால் ஊர் ஊராகக் கடைகள் அடைக்கப்பட்டு, மக்கள் ஆட்ட மண்டபத்துக்குச் சென்றுவிடுவர்.

இத்துணைப் பொதுவான இத்திருவிழாவிலே ஒரு சாரார்க்கு மட்டும் கதவு மூடப்பட்டிருந்தது.

1920களில் இந்தியானா மாநிலத்தில் கூ குளுக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் ஆதிக்க இயக்கம் பெரும் செல்வாக்குடன் விளங்கியது. அக்காலத்திலேதான் இந்தியானாபோலிஸ் நகரில் கறுப்பின மாணவர்கள் அனைவரையும் ஒரே இடத்தில் ஒதுக்கிவிடும் நோக்குடன் ஒரு தனி உயர்நிலைப் பாடசாலை கட்டப்பட்டு, 1927இல் திறக்கப்பட்டது. அதற்குக் கிறிஸ்பஸ் அற்றக்ஸின் பெயர் இடப்பட்டது. அற்றக்ஸ் என்பவர் 1770ஆம் ஆண்டில், பொஸ்டன் நகரில், பிரித்தானியச் சிப்பாய்களின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானவர். அமெரிக்க விடுதலைப் போராட்டத்தின் முதற் பலிகளுள் ஒருவராகப் போற்றப்படும் கறுப்பினத்தவர். ஒதுக்குவதற்கென்றே கட்டிய கட்டடத்திலே ஒரு வியப்பு நிகழ்ந்தது. வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் கற்பிக்க இடம் பெறாத கல்விமான்கள் இப்பாடசாலைக்கு வந்து சேர்ந்தார்கள். முதுமாணிப் பட்டமும் கலாநிதிப் பட்டமும் பெற்றோர் பலர் சாதாரண வகுப்பறைகளில் நின்று கற்பித்தனர். அத்தகைய ஆசிரியர் கூட்டத்தை மாநிலத்தின் வேறு பாடசாலைகளிற் காண்பது அரிதாயிருந்தது.

எனினும் பாடசாலைகளின் விளையாட்டுச் சங்கம் 1942 வரையில் அற்றக்ஸ் பாடசாலையை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. கத்தோலிக்கப் பாடசாலைகளையும் அது அவ்வாறே வெளியே நிறுத்தியிருந்தது. மாநிலச் சுற்றுப்போட்டியில் கலந்துகொள்ள இயலாமையால், அற்றக்ஸ் மாணவர் பிற மாநிலங்களிலுள்ள கறுப்பினப் பாடசாலைகளைத் தேடி நெடுந்தூரம் பிரயாணஞ் செய்து ஆடினர். உறுப்புரிமை கிடைத்த பின்னரும், பாடசாலையின் சொந்த மண்டபம் பெரிய ஆட்டங்களுக்குப் போதாதபடி சிறியதாய் இருந்தது. ஆகவே ஏறக்குறைய எல்லா ஆட்டங்களுமே அவர்களுக்கு அயலூர் ஆட்டங்களாயின. ஆடியபின் பசியாற ஓர் உணவுச்சாலை தேடுவதும் சில ஊர்களிற் பெரும்பாடாயிற்று.

1950இல் ரே குறோ என்னும் ஆசிரியர் அற்றக்ஸ் பாடசாலையின் தலைமைப் பயிற்றாளரானார். தம் மாணவர் நடுவரோடு வாதாடுவதை அவர் ஒருபோதும் அனுமதிக்கவில்லை. வெள்ளையரான நடுவர்களின் தீர்ப்பிலே ஒரு பத்துப் புள்ளிகளாவது பறிபோகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக்கொண்டு, அதற்கும் மேலாகப் புள்ளிகள் ஈட்ட வேண்டும் என்பதே அவர் கற்பித்த கணக்கு. இது நியாயமான கணக்கன்று. ஆயினும் அன்றைய நிலையில் வென்று காட்டுவதற்கு வேறு கணக்கும் இருக்கவில்லை. 1951ஆம் ஆண்டிலே அவருடைய குழு மாநில அரையிறுதி வரை முன்னேறியது. அன்டர்சன் நகரப் பாடசாலைக்கு எதிரான ஆட்டத்தில் கடைசிக் கணத்தில் பந்தை வளையத்துள் வீழ்த்தி, 81க்கு 80 என்ற வெற்றியை ஈட்டித் தந்தவன் ஒஸ்காரின் தமையன் பெய்லி ரொபேட்சன். தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அத்தம்பியும் பின்னர் அற்றக்ஸில் சேர்ந்தான். ஆறடியைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்த அவன் பேச்சிற் குறைந்தவன். ஆட்டத்திலும் வீண் அலங்காரம் இல்லாதவன். அவனுடைய ஆட்ட முறையைச் சிறிது விளக்கவேண்டும். பந்தைக் கொண்டு சென்று, ஆட்டத்தை நடத்துகின்ற காவலர் என்னும் இடத்துக்கு அக்காலத்தில் உயரம் குறைந்தவர்களையே தெரிவது வழக்கம். நெடியவர்கள் வளையத்தின் கீழே நிறுத்தப்படுவர். குறோ இந்நெடியவனிடமே பந்தை ஒப்படைத்தார். எதிரியைத் தன் முதுகினால் மறைத்தபடி, படிப்படியாக வளையத்தை நோக்கி நகர்ந்து, இடம் வாய்த்ததும் ஒரு கையால், தலைக்குப் பின்னிருந்து பந்தை எறிவது அவன் வழக்கம். எதிரியின் கை எட்டாத இடத்திலிருந்து அது புறப்படும். எதிரிகள் இருவர் அவனைச் சூழ்வரேல், தனித்து நிற்கும் தோழனுக்கு அக்கணமே பந்து போய்ச் சேரும். மிகச் சிறந்த நிலைக்கு ஓரடி நெருங்க முடியுமானால், அந்த ஓரடிக்காகவும் அவன் பொறுத்திருப்பான். 'புழுதிக் கிண்ண'த்தில் கற்ற பாடம் அது. தவறவிட்டால் இடம் பறிபோகும் அல்லவா?

1954ஆம் ஆண்டுச் சுற்றுப்போட்டியில் அற்றக்ஸ் குழுவினர் மைலன் என்னும் கிராமப் பாடசாலையிடம் 65க்கு 52 என்று தோற்றார்கள். மைலன் பாடசாலையில் அன்று பயின்றோர் தொகை 161. அக்கிராமமே அவ்வாண்டு மாநிலக் கிண்ணத்தையும் வென்றது. சிறியோர் பெரியோரை வென்ற அந்தக் கதையைத் தழுவி 1986இல் 'ஹூசியர்ஸ்' என்னும் திரைப்படம் வெளிவந்து உலகெங்கும் பெயர் பெற்றது. அதே மாநிலத்தில், அதே காலத்தில் நிகழ்ந்த அற்றக்ஸின் கதை அத்துணைப் புகழ் பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மறு ஆண்டு வந்தது. 1955ஆம் ஆண்டுப் பருவத்தில் அற்றக்ஸ் குழு ஆடிய 32 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றது. மன்சி சென்றல் பாடசாலைக்கு எதிரான முக்கிய ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் அற்றக்ஸ் ஒரு புள்ளியால் முன்னின்றது. பந்தோ எதிரிகளின் கையில். அவர்கள் எறிந்த பந்தை ஒஸ்கார் இடையிற் பாய்ந்து பறித்து, நேரம் முடியும்வரை வைத்துக்கொண்டு, பின்னர் மண்டபத்தின் கூரையை நோக்கி வீசி எறிந்தான். 71க்கு 70. இறுதியாட்டம் கேரி நகரத்து ரூஸ்வெல்ற் பாடசாலையோடு. அதுவும் கறுப்பின மாணவர் பாடசாலையே. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் கதவுக்கு வெளியே நின்ற மக்களின் பிள்ளைகள் இரு பக்கமும் நிற்க, பட்லர் பல்கலைக்கழகத்தின் பெருமண்டபத்திலே, ஏறத்தாழப் பதினையாயிரம் மக்கள் முன்னிலையில் அவ்வாட்டம் நடைபெற்றது. அற்றக்ஸ் 97க்கு 74 என்று வென்றது. அமெரிக்க நாட்டில் எல்லா இனத்தவரும் கலந்துகொண்ட ஒரு மாநிலச் சுற்றுப்போட்டியைக் கறுப்பினப் பாடசாலையொன்று வென்றது அதுவே முதன்முறை.

மற்றொன்றும் உண்டு. தலைநகராயிருந்தும் இந்தியானாபோலிஸ் நகரத்துப் பாடசாலை எதுவும் அதுவரை இக்கிண்ணத்தை வென்றதில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்த நகரம் அது.

வென்ற குழுவைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, நகர் நடுவேயுள்ள நினைவுத் தூபி வட்டத்துக்கு அழைத்துச் சென்று, அங்கே மக்களோடு கூடிக் கொண்டாடுவது மரபு. அற்றக்ஸ் வீரர்களும் தீயணைப்பு வண்டியில் ஏற்றப்பட்டனர். வண்டி வட்டத்துக்குச் சென்றது; ஒருமுறை சுற்றியது; நிற்கவில்லை. அப்படியே திரும்பி, கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலுள்ள ஒரு பூங்காவை நோக்கிச் சென்றது. கறுப்பின மக்கள் பெருந்தொகையாக நகர் நடுவே கூடினால் கலகம் விளையும் என்று அதிகாரிகள் முன்னரே அஞ்சி அவ்வாறு ஏற்பாடு செய்திருந்தனர். பூங்காவில் நெருப்பு மூட்டி மக்கள் ஆடிப்பாடினார்கள். ஒஸ்கார் அங்கே நெடுநேரம் தங்கவில்லை. கூட்டத்தை விட்டு நீங்கித் தன் தந்தையின் வீட்டுக்குப் போய், உண்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். அன்று அவனுக்குப் பதினாறு வயது. அந்த இரவை அவர் பிற்காலத்தில் எத்தனையோ முறை நினைவுகூர்ந்திருக்கிறார். மறந்துவிட்டதாக ஒருமுறையேனும் கூறியதில்லை.

அடுத்த ஆண்டு, 1956இல், அற்றக்ஸ் குழு ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 31 ஆட்டம், 31 வெற்றி. இந்தியானா வரலாற்றிலே தோல்வியே காணாது மாநிலக் கிண்ணத்தை வென்ற முதற் குழு அதுவேயாகும். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து, இடையறாது 45 ஆட்டங்களை வென்றிருந்தனர். இறுதியாட்டத்தில் ஒஸ்கார் மட்டும் 39 புள்ளிகள் பெற்றான்.

இனிப் பல்கலைக்கழகம். இந்தியானாவின் சொந்தப் பல்கலைக்கழகத்திற் சேரும் எண்ணம் முதலில் அவருக்கு இருந்தது. ஆனால் அங்கே நேரிற் சென்றபோது கிடைத்த வரவேற்பு அவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. ஆகவே அயல் மாநிலமாகிய ஒகையோவிலுள்ள சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தை அவர் தெரிந்துகொண்டார். சில வாரங்கள் வகுப்பிலும் சில வாரங்கள் தொழிலகத்திலுமாகக் கற்கும் ஒரு முறை அங்கே இருந்தது. வணிகத்துறை மாணவராகச் சேர்ந்த ரொபேட்சன், அந்நகரின் எரிவாயு, மின்சார நிறுவனத்தில் ஊழியம் பார்த்தவாறே பட்டப்படிப்பைத் தொடர்ந்தார்.

முதலாண்டு மாணவர் பல்கலைக்கழகத்தின் முதற் குழுவில் ஆடலாகாது என்பது அக்காலத்து விதி. எனவே 1957ஆம் ஆண்டின் இறுதியிலேதான் அவருடைய பல்கலைக்கழக ஆட்டம் உண்மையில் தொடங்கிற்று. தொடங்கிச் சில வாரங்களுள், 1958 ஜனவரி 9ஆம் திகதி, சின்சினாட்டிக் குழு நியூ யோர்க் நகரத்து மடிசன் சதுக்க அரங்கில் சீற்றன் ஹோல் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடியது. பத்தொன்பது வயதினரான இந்த இளைஞரை நியூ யோர்க்கிலே அறிந்தோர் சிலரே. ஆட்டம் முடிந்தபோது சீற்றன் ஹோல் குழுவினர் அனைவரும் சேர்ந்து பெற்றவை 54 புள்ளிகள். ரொபேட்சன் தனியே பெற்றவை 56. மறுநாட் காலைப் பத்திரிகைகளில் அவர் பெயரைக் காணாதார் இலர்.

அந்தப் பருவத்திலும் அடுத்த இரு பருவங்களிலும் நாட்டிலுள்ள பல்கலைக்கழக வீரர் எல்லாரிலும் மிகுந்த சராசரிப் புள்ளி அவருடையதே. மூன்றாண்டுச் சராசரி ஓர் ஆட்டத்துக்கு 33.8. சின்சினாட்டிக் குழு அம்மூன்று ஆண்டுகளில் 79 ஆட்டங்களை வென்று ஒன்பதில் மட்டுமே தோற்றது.

எண்கள் இவ்வாறிருக்க, வழிப்பயணங்கள் வேறு விதமாயிருந்தன. 1958இல் குழு ரெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகருக்குச் சென்றபோது, அவர்கள் தங்கிய விடுதி கறுப்பினத்தவரை வைத்திருக்க மறுத்தது. வெள்ளையரான தோழர்கள் விடுதியிலேயே தங்க, ரொபேட்சன் மட்டும் கறுப்பின மாணவர் பயிலும் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவர், தம் குழுவினின்றும் பிரிக்கப்பட்டு, அறிமுகமற்ற ஓர் அறையில் தனியே இரவைக் கழித்தார். மறுநாள் ஆடினார். ஆயினும் அதன்பின்னர், குழு தங்குமிடத்தில் தமக்கு இடமில்லையேல் தாம் ஆடப்போவதில்லை என்று பயிற்றாளரிடம் தெளிவாகவே கூறிவிட்டார். அவர் மனத்தை வருத்தியது விடுதிக்காரரின் செயல் மட்டுமன்று. தம்மைத் தனியே அனுப்புவதற்குத் தம் பக்கத்தவரே இசைந்ததுதான் அதனினும் பெரிதாய் வருத்திற்று. இரண்டாவது நோவு முதலாவதிலும் கூர்மையானது என்பதைக் கூறவும் வேண்டுமோ?

தேசியச் சுற்றுப்போட்டியில் 1959இலும் 1960இலும் சின்சினாட்டி இறுதி நால்வருள் ஒன்றாகத் தேறியது. இருமுறையும் பீற் நியூவல் பயிற்றிய கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம் அதனைத் தோற்கடித்தது. ஒருவரை ஒருவர் காக்கும் கட்டுக்கோப்பினால் நியூவலின் வீரர்கள் ரொபேட்சனுக்குப் பந்து சென்று சேராதபடி அடைத்துவிட்டனர். பல்கலைக்கழக வீரராக அவர் தேசியக் கிண்ணத்தை ஏந்தவேயில்லை. அவர் பட்டம் பெற்று வெளியேறிய பின், 1961இலும் 1962இலும் அதே சின்சினாட்டி தொடர்ந்து இருமுறை அக்கிண்ணத்தை வென்றது. விளையாட்டின் விளையாட்டு இத்தகையது.

1960ஆம் ஆண்டு உரோமாபுரியில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. அமெரிக்கக் கூடைப்பந்துக் குழுவுக்குப் பயிற்றாளர், ரொபேட்சனை இருமுறை வென்ற அதே நியூவல். குழுத்தலைமையை ரொபேட்சனும் ஜெரி வெஸ்ற் என்பவரும் பகிர்ந்துகொண்டனர். எதிர்த்து நின்று தடுக்க வழிதேடியவரே இப்போது ரொபேட்சனை நடுவாக வைத்துக் குழுவை அமைத்தார். எட்டு ஆட்டங்களிலும் அமெரிக்கா வென்றது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி நாற்பதுக்கு மேற்பட்ட புள்ளிகளால் முன்னின்றது. சோவியத் குழு 81க்கு 57 எனத் தோற்றது. பொற்பதக்கம் பெற்ற அவ்வாண்டே ரொபேட்சன் ஊதியம் பெற்று ஆடும் சின்சினாட்டி றோயல்ஸ் கழகத்திற் சேர்ந்தார். 'சேர்ந்தார்' என்பதிலும் 'உரிமையாக்கப்பட்டார்' என்பதே பொருத்தம். ஒரு நகரத்துப் பல்கலைக்கழக வீரரை அந்நகரத்துக் கழகமே முதலில் உரிமை கோரலாம் என்பது அன்றைய தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் ஏற்பாடு. வீரருடைய விருப்பம் எதுவென்று கேட்கப்படுவதில்லை.

1961-62ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் ஆற்றிய அரிய செயலை இங்கே குறிப்பிட வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஒரு வீரர் பெறும் புள்ளிகள், வளையத்திற் பட்டு மீளும் பந்தைக் கைப்பற்றும் தடவைகள், தோழர் புள்ளி பெறும்படி பந்தை வழங்கும் தடவைகள் ஆகிய மூன்றும் பத்துக்குக் குறையாமல் அமைவது அருமை. ரொபேட்சனுக்கு அப்பருவம் முழுவதற்குமான சராசரியே அவ்வாறு அமைந்தது: புள்ளி 30.8, மீள்பந்து 12.5, வழங்கல் 11.4. வியப்பு யாதெனில், அன்று எவரும் அதனைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. அம்மூன்றையும் சேர்த்து எண்ணும் வழக்கமே பின்னர்தான் தோன்றியது. வழக்கம் தோன்றியபின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் திகைத்தனர். 2016-17ஆம் ஆண்டுப் பருவத்தில் ரசல் வெஸ்ற்புறூக் என்பவர் நிகழ்த்தும்வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள் வேறெவரும் அதனைச் செய்ததில்லை.

1964இல் அவர் சங்கத்தின் அதிசிறந்த வீரராகத் தெரியப்பட்டார். அவ்வாண்டே பொஸ்டனில் தெரிவுசெய்யப்பட்ட வீரர்களின் காட்சி ஆட்டம் நடைபெற இருந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு எல்லாம் ஆயத்தமாயிருந்த வேளையில், ஓய்வூதியத்துக்கு உறுதிமொழி தராவிடில் ஆடுகளத்தில் இறங்கமாட்டோம் என்று வீரர்கள் உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிட்டனர். உறுதிமொழி வந்தது, ஆட்டம் நடந்தது. அவ்வாட்டத்தின் சிறந்த வீரர் ரொபேட்சன். மறு ஆண்டு, 1965இல், வீரர் சங்கத்தின் தலைமை அவரிடம் வந்து சேர்ந்தது. 1974 வரை அப்பொறுப்பை அவர் வகித்தார்.

வீரர்களின் நிலையை நேயர்கள் ஒரு சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருமுறை ஒரு கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர், அவ்வொப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் அக்கழகத்துக்கே உரியவர். வேறு கழகம் கூடுதலான ஊதியம் தரச் சித்தமாயிருந்தாலும் போக முடியாது. கழகம் விரும்பினால் அவரை வேறோர் ஊருக்கு விற்றுவிடலாம். அவர் விரும்பினாற் போகலாகாது. தட்டச்சுக்காரர்க்கும் தச்சர்க்கும் உள்ள உரிமை, பல்லாயிரம் மக்கள் காசு கொடுத்துக் காண வரும் ஆட்டக்காரர்க்கு இருக்கவில்லை. 1970இல், போட்டியாக விளங்கிய மற்றொரு சங்கத்தோடு தேசியச் சங்கம் இணைய முற்பட்டபோது, இரண்டும் ஒன்றானால் வீரர்க்கு எஞ்சியிருந்த ஒரே வாயிலும் அடைபடும் என்று கண்டு, ரொபேட்சன் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு அவர் பெயராலேயே தொடுக்கப்பட்டது. அமெரிக்க செனற் சபையின் உபகுழு முன்னிலையிலும் அவர் சாட்சியம் அளித்தார்.

அதே 1970இல் சின்சினாட்டிக் கழகம் அவரை மில்வோக்கிக் கழகத்துக்கு மாற்றிவிட்டது. பத்து ஆண்டுகள் அந்நகருக்கு ஆடியவரை இரண்டு வீரர்களுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டார்கள். தாம் எதிர்த்து வழக்காடிக்கொண்டிருந்த முறையின் தன்மையை அவரே தம்முடம்பில் அனுபவித்தார் எனலாம். மில்வோக்கியில் நெடியவரான இளைஞர் லூ அல்சின்டர் ஆடிக்கொண்டிருந்தார். பின்னாளில் கரீம் அப்துல் ஜபார் எனப் பெயர் மாற்றிக்கொண்டவர் அவரே. முப்பத்திரண்டு வயதான ரொபேட்சன் பந்தைக் கொண்டு செல்ல, அல்சின்டர் அதனை வளையத்துள் இட, 1971இல் அக்கழகம் போல்ற்றிமோர் குழுவை நான்குக்குப் பூச்சியமாக வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஊதியம் பெற்று ஆடிய காலத்தில் அவர் வென்ற முதற் கிண்ணம் அது. 1974இல் பொஸ்டனுடன் ஏழாட்டம் வரை நீண்ட இறுதிப் போட்டியில் தோற்றபின் அவர் ஓய்வு பெற்றார். அவர் ஈட்டிய மொத்தப் புள்ளிகள் 26,710.

வழக்கோ ஓயவில்லை. அவர் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகளின் பின், 1976இல், இணக்கத்தில் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் வீரர் வேறு கழகத்தை நாடிச் செல்வதற்கு அதனால் வழி திறந்தது. அவ்வேற்பாடு இன்றளவும் ரொபேட்சன் விதி என்றே வழங்கப்படுகின்றது. பிற்காலத்து வீரர்கள் பெற்ற கோடிக்கணக்கான டொலர்களுக்கு அடிக்கல் அதுவே. அவ்வழியை அவரால் பயன்படுத்த இயலவில்லை. அப்போது அவருடைய ஆட்டக் காலம் முடிந்துவிட்டது.

பின்னர் அவர் சின்சினாட்டியிலேயே குடியிருந்து, 1981இல் ஓர் இரசாயனப் பொருள் நிறுவனத்தை நிறுவி நடத்தினார். பல்கலைக்கழகத்தில் வணிகத்துறை பயின்றது வீண்போகவில்லை. 1997இல், சிறுநீரகம் பழுதுற்ற தம் மகளுக்குத் தமது சிறுநீரகங்களுள் ஒன்றை அளித்தார். அமெரிக்காவில் ஆண்டுதோறும் சிறந்த பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரருக்கு விளையாட்டு எழுத்தாளர் சங்கம் வழங்கும் விருதுக்கு 1998 முதல் அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் ஆட்ட மண்டப வாயிலில், பந்தும் கையுமாக அவருடைய வெண்கலச் சிலை நிற்கின்றது. முன்னொரு காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் பயணங்களில் அவருக்குத் தனியறை தேடவேண்டியிருந்ததை அறிந்தவர்கள், அச்சிலையைச் சற்று நேரம் நின்று பார்ப்பது இயல்பே.

2015ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியானாபோலிஸ் நகரம், தன் புகழ்பெற்ற மோட்டார் ஓட்டப் பந்தயத்தை ஒட்டி வழமைபோல் பெரும் ஊர்வலம் ஒன்றை நடத்திற்று. ஆண்டுதோறும் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கப் பெயர் பெற்றோரை அழைப்பர். அவ்வாண்டு அழைக்கப்பட்டவர்கள் 1955ஆம் ஆண்டு அற்றக்ஸ் பாடசாலைக் குழுவில் உயிரோடிருந்தவர்கள். அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. பயிற்றாளர் குறோ 2003இலேயே காலமாகிவிட்டார். நரைத்த தலைகளோடு அம்முதியவர்கள் நகர் நடுவே வண்டியில் அமர்ந்து சென்றார்கள். எழுபத்தாறு வயதினரான ஒஸ்கார் ரொபேட்சனும் அவர்களோடு இருந்தார். வீதியின் இருமருங்கிலும் மக்கள் நின்றார்கள்.